எப்போது போவீர்கள் என்று கேட்காத வீடு

1

தென்காசியில் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகளே, ஹமீதே, ஆயிஷாவே! உங்கள் சின்ன வாப்பா இரத்தினபுரிக் கடை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நீளமாக இருந்தால் இரண்டு நாளாக வாசியுங்கள். பாதியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விஷயம் இந்த மாசி மாதம் தொடங்கியது. இங்கே அது பாவா ஆதம் மலைக்கு ஆட்கள் ஏறுகிற காலம். முதல் மனிதர் ஆதம் நபியின் காலடித்தடம் மலை உச்சியில் இருக்கிறது என்று நம்மவர்கள் போகிறார்கள். புத்தரின் பாதம் என்று சிங்களவர் போகிறார்கள். சிவன் பாதம் என்று நம் ஊர்ப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் போகிறார்கள். மூன்று பேருக்கும் நம் கடையில்தான் கம்பளித் துண்டும் மெழுகுவத்தியும். மலை மேல் குளிர் எல்லாருக்கும் ஒன்றுதானே.

ஒரு காலையில் அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு கிளார்க் பெரிய பதிவுப் புத்தகத்தோடு வந்தார். சிங்களவர், தமிழும் பேசுவார், நல்ல மனிதர். என் பெயர், வாப்பா பெயர், பிறந்த ஊர், கடை வைத்து எத்தனை வருசம், மனைவி பெயர், மகள் மரியத்துக்கு வயது என்ன என்று வரிசையாகக் கேட்டார். சொன்னேன். கடைசியில் பேனாவை நிறுத்திக்கொண்டு, "ஊருக்குத் திரும்பிப் போறது எப்போ?" என்றார்.

நான் அந்தப் பேனாவையே பார்த்தேன். நான் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து, "போற நாள், முதலாளி, போற நாள்?" என்று அவர் மறுபடி கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு ஒரு பிளேன்டீ போடச் சொன்னேன். நம் வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன செய்யத் தோன்றும்? கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார், நாமாவது மரியாதையாக நடப்போம் என்று நினைத்தேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்தார். புத்தகத்தில் ஒரு சொல் எழுதினார். பிறகு வாசித்தும் காட்டினார். 'தற்காலிகம்.'

என் மனைவி, உங்கள் சாச்சி பாத்திமா, உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்திய? பத்தொன்பது வருசம் கடை வச்சிருக்கிய, ஒரு வார்த்த சொல்ல முடியலியா?" என்றாள்.

ஒரு மாதம் கழித்துக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. நிரந்தரமாக இங்கே குடியிருப்பவர் என்றால் ஆவணிக்குள் எழுதிக் கொடுக்கவும், இல்லாவிட்டால் பதிந்தபடியே இருக்கும் என்று அதில் கண்டிருந்தது. தற்காலிகம் என்றால் கடை உரிமம் வருசா வருசம் கேட்டு வாங்க வேண்டியது. மரியத்துக்கும் நாளை அதே கதைதான்.

ஆக, இரண்டில் ஒன்று. கடையைக் கைமாற்றிவிட்டுத் தென்காசிக்கு வந்து, நம் வீட்டில் என் பங்கான மேற்கு அறையில் குடியேறுவது. இல்லாவிட்டால், இனி எனக்கு ஊர் இதுதான் என்று எழுதிக் கொடுப்பது. மனதுக்குள் எனக்குத் தென்காசிதான். அதை நேரில் பேசி முடிக்கத்தான் ஆனி மாதம் குடும்பத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களிடம், குற்றாலம் பார்க்க வந்தோம் என்று சொன்னேன். அது பாதி பொய்.

2

அந்தக் கேள்வி நம் வீட்டில் ஏன் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் துண்டு துண்டாகத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். எழுத்து ஆதாரம் ஒன்றும் கிடையாது. வாய்வழி வந்தது.

நம் குடும்பத்து முதல் ஆளுக்கு இப்போது பெயர் இல்லை. 'நடந்து வந்த வாப்பா' என்றுதான் சொல்லிவருகிறோம். பாண்டிய ராசாக்கள் காலம் என்பார்கள். பக்தாது பக்கத்தவர் என்பார் ஒருவர், புகாரா என்பார் இன்னொருவர். எனக்குத் தெரியாது. பாவா ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டவர் என்பது மட்டும் எல்லார் சொல்லிலும் ஒன்றாக இருக்கிறது. கொல்லத்தில் கப்பலை விட்டு இறங்கி, ஆரியங்காவுக் கணவாய் வழியாக நடந்து, கீழ்க்கரையில் மறுபடி கப்பல் பிடித்து இலங்கை போவது அந்தக் காலத்து வழி. அவரைப் போல எத்தனையோ பேர் அந்த வழியில் போயிருக்கிறார்கள். செங்கோட்டையில் ஒருவர், ஆலங்குளத்துப் பாதையில் ஒருவர் என்று அங்கங்கே நின்றுபோனவர்களும் உண்டு. காய்ச்சலில் நின்றவர், கலியாணத்தில் நின்றவர், காரணமே இல்லாமல் நின்றவர்.

நம்மவர் நின்றது அட்டையால். ஆடிச் சாரலில் கணவாய்க் காடு முழுக்க அட்டை. கால் இரண்டும் வீங்கிச் சீழ் பிடித்து, சிற்றாற்றங்கரையில் ஒரு விவசாயி வீட்டுக் களத்துக் குடிசையில் வந்து விழுந்தார். அந்த வீட்டுப் புருசன் பெண்சாதிக்கு இவர் பாஷை தெரியாது. இவருக்கு அவர்கள் பாஷை தெரியாது. தான் போகிற இடத்தைச் சொல்ல, மண்ணில் ஒரு பாதத்தை வரைந்து காட்டினாராம். காலடித்தடம் இருக்கிற மலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். பாவம், கால் ரொம்ப வலிக்கிறது போல என்று அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் உப்பு வெந்நீரும் வேப்பெண்ணெயும் கொண்டுவந்தாளாம். இவர் மறுபடி வரைந்தார். அவள் மறுபடி எண்ணெய் கொண்டுவந்தாள்.

நாற்பது நாள் யாரும் அவரை எப்போது போவாய் என்று கேட்கவில்லை. மரியாதை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். யோசித்தால், கேட்க அவர்களுக்கு வழியே இல்லை. பாஷை இல்லை. அவ்வளவுதான்.

நாற்பதாம் நாளோ என்னவோ, மழையில் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டது. ஊரே ஓடியது. இவரும் யாரும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதற்குள் நாலு வார்த்தை தமிழ் அவர் காதுக்குப் பிடிபட்டிருந்தது. பொழுது சாயும்போது அந்த வீட்டு அம்மாள் வரப்பில் நின்று சத்தம் போட்டாளாம். "எப்ப வருவே? கஞ்சி ஆறுது!"

அன்றைக்குத்தான் அவர் விருந்தாளி இல்லாமல் ஆனார். பிறகு தென்காசியில் ஏற்கெனவே இருந்த நம்மவர் வீடு ஒன்றில் பெண் கொடுத்தார்கள். மலைக்குப் போகிறவர்கள் வருசா வருசம் அவரிடம் தங்கிப் போனார்கள். கூட வருகிறீரா என்றால், அடுத்த வருசம் என்பாராம். கடைசி வரை போகவில்லை.

நம் வீட்டுச் சட்டம் அதிலிருந்து வந்தது. விருந்தாளியிடம் போகிற நாளைக் கேட்கக் கூடாது. வீட்டு ஆளிடம் வருகிற நேரத்தைக் கேட்காமல் விடக் கூடாது. பக்கத்துக் கடைக்குப் போனாலும், "எங்கலே போற, எப்ப வருவ?" என்று உங்கள் வாப்பா என்னைக் கேட்டுக் கேட்டே வளர்த்தார்.

நம் எதிர்வீட்டு அண்ணாச்சி வீட்டிலும் இதே பழக்கம்தான். குற்றாலத்துக்கு நடந்து போகிறவர்களுக்குக் கால் கழுவ அவர்களும் உப்பு வெந்நீர் வைக்கிறார்கள். இதெல்லாம் எங்கள் நடந்து வந்த வாப்பாவால் வந்தது என்று சின்ன வயதில் ஒருமுறை அவரிடம் சொன்னேன். "போலே, இது எங்க பூட்டன் காலத்துப் பழக்கம்லா! ஒங்க ஆளுதான் இங்கன வந்து படிச்சிருப்பாரு" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவர் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். முதலில் வெந்நீர் வைத்தது அந்த விவசாயி வீட்டு அம்மாள்தானே. யாருடையது என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டது.

3

நாங்கள் வந்து இறங்கிய அன்று, ரயிலடிக்கே நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். விருதுநகர்ப் பாதையில் வண்டி வரும்போது, கடையநல்லூர் தாண்டியதும் சாரல் சன்னலுக்குள் அடித்தது. தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரிந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். மரியம் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

என்ன உபசாரம்! உங்கள் உம்மா, என் மைனி, நாங்கள் இருந்த நாளெல்லாம் ஒரு வேளையும் பழைய குழம்பு ஊற்றவில்லை. மேற்கு அறையைத் துடைத்து, புதுப் பாய் விரித்து வைத்திருந்தார்கள். உங்கள் மூத்த அண்ணன் யூசுபு அதில் வைத்திருந்த தன் பெட்டியை எங்களுக்காக வெளியே எடுத்து, கூடத்து மூலையில் வைத்துப் படுத்தான். அவனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது எனக்கு வந்த பிறகுதான் தெரியும். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் கலியாணம். பெண்ணைக் கூட்டிவந்தால் எங்கே இருப்பான் என்று யாரும் என் காதில் விழும்படி பேசவில்லை.

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று போனது. நான் வாயெடுக்கும் போதெல்லாம் அண்ணன், "மொதல்ல சாப்பிடு" என்பார். ஒரு காலையில் அவர் வயலுக்குக் கிளம்பும்போது நானும் மண்வெட்டியை எடுத்தேன். சட்டென்று பிடுங்கிக்கொண்டார்.

"நீ எதுக்குலே? வந்த எடத்துல ஒனக்கு எதுக்குச் சிரமம்? உக்காரு."

வந்த இடம் என்றார். நான் பிறந்த வீட்டை.

அன்றிலிருந்து நான் கவனிக்கத் தொடங்கினேன். யூசுபு கிளம்பினால், "எப்ப வருவ?" ஹமீது கிளம்பினால், "ஏலே, எப்ப வருவ?" நான் செருப்பை மாட்டினால் வீடு முழுக்கச் சிரித்த முகம். "போயிட்டு வாங்க தம்பி" என்பார் மைனி. எங்கே என்று கேட்பதில்லை, எப்போது என்று கேட்பதில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே அந்தி சாயும் வரை சந்தைத் தெருவில் சுற்றினேன். திரும்பி வந்தால், சோற்றை மூடிவைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாத்திமாவிடம் மெல்லக் கேட்டேன். "நாம எப்ப போறோம்னு ஒங்கிட்ட யாராச்சும் கேட்டாவளா?"

"இல்லியே."

"மைனி கூடவா?"

"ஒங்க வீட்டு மரியாத எனக்கு அலுத்துப்போச்சு" என்று சிரித்தாள் அவள். "கடையநல்லூர்ல எங்க வீட்டுக்குப் போன அன்னைக்கு, எங்க உம்மா வண்டிய விட்டு எறங்குமுன்னே கேட்டா, திரும்பிப் போக டிக்கெட்டு எடுத்தாச்சாட்டின்னு. அது நல்லா இல்ல?"

4

பெரியவர்கள் இப்படி இருக்க, மரியம் உங்களோடு சேர்ந்து எப்படிச் சுற்றினாள் என்று உங்களுக்கே தெரியும். முதல் இரண்டு நாள் கல் விளையாட்டில் அவள் 'எக்காய், தெக்காய், துனாய்' என்று சிங்களத்தில் எண்ணியதைக் கேட்டு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் கண்டித்தேன், நம் பாஷையில் எண்ணு என்று. ஒரு வாரம் கழித்து வாசலில் எட்டிப் பார்த்தால், தெருப் பெண் பிள்ளைகள் அத்தனையும் எக்காய், தெக்காய் என்று எண்ணிக்கொண்டிருந்தன. யாரும் சிரிக்கவில்லை. ஆட்ட மும்முரம்.

பதினாறாம் நாள், ஆயிஷா, நீயும் மரியமும் சொல்லாமல் கொள்ளாமல் மாட்டுவண்டி ஏறி ஐந்தருவிக்குப் போய்விட்டீர்கள். சாயங்கால அசர் பாங்கு சொல்லியும் காணோம். நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். ஒருவழியாகச் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றீர்கள். மைனி அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தார். உன்னை ஏசுவது உனக்குப் பழக்கம். அடுத்து அவர் திரும்பினது என் மகள் பக்கம்.

"ஏட்டி மரியம்! ஒனக்குத் தனியாச் சொல்லணுமோ? எங்க போறேன், எப்ப வருவேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகத் தெரியாதா? தலயத் தொவட்டுட்டி மொதல்ல! மூதேவி, சளி பிடிச்சா நானா கெடந்து ஒனக்குக் கசாயம் காய்ச்ச?"

இரண்டு வாரமாக நான் காத்துக்கிடந்தது என் மகளுக்குக் கிடைத்துவிட்டது, அகப்பையும் கையுமாக. அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. மேற்கு அறைக்கு ஓடிவந்து பாயில் குப்புற விழுந்து அழுதாள்.

"வாப்பா, பெரியும்மா எல்லார் முன்னாலும் ஏசிட்டாங்க. நாம ஊருக்குப் போயிருவோம்."

"இதுதானம்மா ஊர்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ தெரியாத மனுசனைப் பார்ப்பது மாதிரி இருந்தது. "எனக்கு இல்லியே வாப்பா" என்றாள்.

5

இரண்டு நாள் கழித்து நானும் அண்ணனும் மட்டும் குற்றாலம் போனோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்குள் நின்றோம். அதற்குள் நின்று பேச முடியாது. நல்லதாகப் போயிற்று. வெளியே வந்து பாறையில் உட்கார்ந்து தலை துவட்டும்போது, இனிப் பொறுக்க முடியாது என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நாங்க வந்து பதினெட்டு நாளாச்சு. எப்ப போறன்னு நீ ஒருநாகூடக் கேக்கலியே."

அண்ணன் துண்டைப் பிழிந்தார். மறுபடி பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

"தெனமும் கேக்கணும்னுதான் நெனைக்கேன்" என்றார். "கேட்டா, போகல, இங்கனயே இருந்துருதேன்னு சொல்லிருவியோன்னு ஒரு பயம். யூசுபுக்குப் பெண்ணக் கூட்டியாந்தா எங்கன வைக்க? கேட்டா நீ நாளச் சொல்லிருவியேன்னும் ஒரு பயம். நாளச் சொல்லிட்டா எண்ணத் தொடங்கிரணும்லா? ரெண்டும் சேந்து வாயக் கெட்டிப்போட்டுட்டு."

நான் என் துண்டை உதறிப் பாறையில் விரித்தேன்.

"மேக்கு ரூமு ஒன் பங்கு" என்றார் அவரே. "நீ வந்தா அது ஒனக்குத்தான். ஒரு பேச்சு பேச மாட்டேன். யூசுபுக்கு மாட்டுத் தொழுவ மறிச்சு ஓல வேஞ்சு குடுத்துருவேன்."

"மாட்ட எங்கன கெட்டுவ?"

"அத நான் இன்னும் யோசிக்கல" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் நான், "வெள்ளிக்கிழம தொழுதுட்டுக் கெளம்புதோம்ணே" என்றேன். அவர் தலையாட்டினார். கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயை என் தலையில் கொட்டி, சின்ன வயதில் தேய்த்த மாதிரி அமுக்கித் தேய்த்தார். நன்றாக வலித்தது.

அண்ணன் மேல் எனக்கு வருத்தம் உண்டோ என்று நீங்கள் நினைக்கக் கூடாது. என்னிடம் பொய் சொல்லாமல் இரண்டு பயத்தையும் சேர்த்துச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

6

திரும்பும்போது, கப்பல் ஏறுமுன் நோய் பார்க்கிற மண்டபம் முகாமில் எல்லாரையும் போல எங்களையும் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். துணிகளை ஆவியில் வைத்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், காகிதத்தில் முத்திரை குத்தினார்கள். ஒருவர் மரியத்தைப் பார்த்து விளையாட்டாக, "எங்கம்மா போற?" என்றார். எனக்கு முந்தி அவள் சொன்னாள், "வீட்டுக்கு."

இரத்தினபுரிக்கு வந்து ஒரு மாதம் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஊரிலும் தூர தேசத்திலிருந்து மலைக்கு வந்து திரும்பாமல் இங்கேயே அடங்கிப்போனவர்களின் கபுறுகள் இருக்கின்றன. ஆற்றுக்குப் போகிற வழியில் ஒன்றைப் பார்க்கிறேன். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காலையில் அந்தப் பக்கமாகப் போகிற சிங்களப் பெண்கள் அங்கே இரண்டு பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர் இந்த மலையைத் தேடி வந்தவர். நம் நடந்து வந்த வாப்பா இதையே தேடி வந்து தென்காசியோடு நின்றவர். நான் மலையைத் தேடியே வரவில்லை, கம்பளித் துண்டு விற்க வந்தவன். மூன்று பேரிலும் நான்தான் மலை அடிவாரத்தில் வீடு வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருசமாக இன்னும் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

நடந்து வந்த வாப்பாவுக்கும் ஊர் நினைப்பு இருந்திருக்கும். அவருக்கும் அங்கே ஓர் அறை இருந்திருக்கும். அதில் யார் இருந்தார்களோ. அவர் எழுதிச் சொல்ல வழியில்லாமல், அங்கே உள்ளவர்கள் எத்தனை வருசம் அதைச் சும்மா போட்டு வைத்திருந்தார்களோ. இதை நான் முன்பெல்லாம் நினைத்ததே இல்லை. நின்றுபோனவரின் கதையைத்தான் நாம் சொல்லிவருகிறோம். காத்திருந்தவர்கள் கதை நம்மிடம் இல்லை.

போன திங்கள்கிழமை மரியத்தையும் கூட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். அதே கிளார்க்தான். என்னைக் கண்டதும் சிரித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். "போகவில்லை" என்று சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் பெயர் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது.

வெளியே வந்ததும் மரியம், "என்ன எழுதுனீங்க வாப்பா?" என்றாள். சொன்னேன். சந்தோசத்தில் நாலு எட்டு முன்னே ஓடினாள். பிறகு நின்று, "பெரியும்மாவுக்கு யாரு சொல்றது?" என்றாள்.

அதற்குத்தான் இத்தனையும் எழுதினேன் பிள்ளைகளே. அண்ணனுக்கு ஒரு வரியில் எழுதியிருக்கலாம். மைனிக்கு அப்படி எழுதக் கூடாது. ஆயிஷா, நீ சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டு. அழுதால் கொஞ்சம் பொறுத்து மேலே வாசி. மேற்கு அறை இனி யூசுபுக்கு. பங்கு கிங்கு என்று யாரும் பேசக் கூடாது. கலியாணத்துக்கு முன் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். சாரல் அடிக்கிற பக்கத்துச் சன்னல் பலகை உளுத்திருக்கிறது, மாற்றுங்கள்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, என்னை அறியாமலே அறையைப் பூட்டிச் சாவியை மடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மண்டபத்தில் ஆவிக்குத் துணியைக் கழற்றியபோதுதான் கையில் தட்டுப்பட்டது. உடனே அனுப்ப மனம் வரவில்லை. இனித் தபாலில் அனுப்பினால் எப்போது வந்து சேருமோ தெரியாது, கலியாணம் நெருங்கிவிட்டது. யூசுபை அந்தப் பூட்டை உடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய பூட்டுதான், ஒரே அடியில் வந்துவிடும்.